வாசகர் கேட்டவை: கடை இடியப்பமும் வீட்டுச் சொதியும்

இம்முறை வந்த கடிதங்களுள் பெரும்பாலானவை சாப்பாட்டைப் பற்றியே இருந்தமையால், அவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குச் செல்பவர்கள். வீடு திரும்பும்போது மாலை ஆறரை மணியாகிவிடும் என்பதால் இரவுக்கு இடியப்பத்தைக் கடையில் வாங்குகிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களுடன் தங்கியிருக்கும் மாமிக்கு அது பெருங்குறையாக இருக்கிறது. "இடியப்பம் கடையில் வாங்குகிற வீடும் ஒரு வீடா?" என்கிறார். நான் செய்வது தவறா?
(வாசகி, வெள்ளவத்தை)

பதில்: தவறே இல்லை, சகோதரி. ஆனால் மாமியின் மனக்குறையையும் நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். அரிசியை ஊறவைத்து இடித்து, அரித்து, மாவை வறுத்து, கொதிநீர் விட்டுக் குழைத்து, உரலில் இட்டுப் பிழிந்து அவிக்கும்வரை அத்தனையும் வீட்டுக்குள்ளேயே நடந்த காலத்தில், அந்த வேலைக்கு வீட்டில் நாலைந்து பெண்களின் கைகள் இருந்தன. காலி வீதியில் பேருந்துக்கு நின்று களைத்து, அடுக்குமாடி வீட்டுப் படியேறி வரும் உங்களுக்கு இருப்பவை இரண்டு கைகள்தாம்.

நான் பல ஆண்டுகளாகக் கடைப்பிடித்து வரும் ஒரு கணக்கு உண்டு. காத்திருக்கக்கூடிய உணவைக் கடையில் வாங்கலாம். காத்திருந்தால் கெட்டுப்போகும் உணவை வீட்டில்தான் செய்ய வேண்டும். இடியப்பம் அவித்து ஒரு மணி நேரம் சென்றாலும் பெரிதாக எதையும் இழப்பதில்லை. தட்டில் பரப்பி இரண்டு நிமிடம் ஆவி காட்டினால் மென்மை திரும்பிவிடும். தேங்காய்ப்பாலில் வைக்கும் சொதியும், தேங்காய்ச் சம்பலும் அப்படியல்ல. கொழும்பின் வெக்கையில் துருவிய தேங்காய் சில மணி நேரத்திலேயே மணம் மாறத் தொடங்கும். கடையில் பிற்பகல் முதல் அடுப்பில் சூடேறிக்கொண்டே இருக்கும் சொதியில் பாலின் சுவை போய், மஞ்சளின் நிறம் மட்டுமே எஞ்சியிருக்கும். 2024 ஆம் ஆண்டின் இறுதியில் தேங்காய் ஒன்றின் விலை 200 ரூபாயைக் கடந்தபோது, கடைச் சொதி எவ்வளவு தண்ணீராகிவிட்டது என்பதை நம்மில் பலர் நாக்கினாலேயே அறிந்தோம்.

ஆகவே இடியப்பத்தைக் கடையில் வாங்குங்கள். சொதியையும் சம்பலையும் வீட்டில் செய்யுங்கள். ஒரு தேங்காயில் பாதியைச் சம்பலுக்கு வைத்துக்கொண்டு, மறுபாதியின் முதற்பாலைச் சொதிக்கும், இரண்டாம் பாலைப் பருப்பு அவிக்கவும் எடுத்தால் இரவுச் சாப்பாடு அரை மணி நேரத்தில் ஆயத்தமாகிவிடும். பிட்டு மட்டும் இடியப்பத்துக்கு நேர்மாறானது. ஆறினால் இறுகிவிடும் என்பதால் அதைக் கடையில் வாங்க நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். விடுமுறை நாளில் வீட்டிலேயே அவித்து, நீத்துப்பெட்டி என்னும் பிட்டு அவிக்கும் ஓலைக் கூடையிலிருந்து கொட்டிய சூட்டோடு பரிமாறுங்கள். சம்பல் அரைக்கும் பொறுப்பை மாமியிடமே கேட்டு ஒப்படைத்துப் பாருங்கள். செத்தல் மிளகாயும் சின்ன வெங்காயமும் எந்த அளவு என்பது அவருடைய கைக்குத் தெரியும். தம் கைபட்ட உணவு மேசைக்கு வரும்போது அவருடைய மனமும் ஆறும்.

கடைக்குப் போகும்போது பாத்திரம் ஒன்றைக் கையோடு கொண்டுசெல்லுங்கள். உணவு பொதியும் பொலித்தீன் தாள்களுக்கு 2017 செப்டெம்பரிலேயே தடை விதிக்கப்பட்டது. அப்படியிருந்தும் கொதிக்கும் கறியை மெல்லிய பையில் ஊற்றி முடிச்சுப் போட்டுத் தருவதை இன்றும் காணும்போது எனக்கு மனம் பதறுகிறது.

கேள்வி: நான் வைக்கும் சொதி ஒவ்வொரு முறையும் திரைந்துவிடுகிறது. எங்கே பிழை?
(புதிதாகத் திருமணமான வாசகர், கொட்டாஞ்சேனை)

பதில்: ஆண் ஒருவர் சொதியைப் பற்றிக் கேட்டு எழுதியிருப்பது மகிழ்ச்சியளிக்கிறது. தேங்காய்ப்பால் என்பது எண்ணெயும் நீரும் பிரியாதபடி புரதம் கட்டிவைத்திருக்கும் கலவை. கடுஞ்சூடும் புளிப்பும் அந்தப் புரதத்தை இறுக்கிவிடுவதால் எண்ணெய் தனியாகவும் நீர் தனியாகவும் பிரிகின்றன. வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, வெந்தயம், சிறிது மஞ்சள் ஆகியவற்றைத் தண்ணீரிலோ இரண்டாம் பாலிலோ முழுமையாக அவியவிட்டு, அடுப்பைத் தணித்த பின்னரே முதற்பாலைச் சேர்க்க வேண்டும். பிறகு அகப்பையால் அள்ளி அள்ளி ஊற்றி ஆற்றிக்கொண்டே நில்லுங்கள்; ஓரங்களில் நுரை கட்டத் தொடங்கியதும் இறக்கிவிடுங்கள், கொதிக்க விடாதீர்கள். தேசிக்காய்ப் புளியைச் சட்டியின் சூடு தணிந்த பின்பு விட வேண்டும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த பாலை நேரே சூடான சட்டியில் ஊற்றாமல், சொதியில் இரண்டு அகப்பையை அந்தப் பாலில் கலந்து இளஞ்சூடாக்கிய பின் ஊற்றுங்கள். தக்காளி போடுபவராயின், அது நன்றாகக் கரைந்து வெந்த பிறகே பாலுக்குப் போக வேண்டும்.

கேள்வி: ரொறன்ரோவிலிருந்து என் தங்கை தன் இரண்டு பிள்ளைகளோடு விடுமுறைக்கு வருகிறாள். பெரிய ஹோட்டல்களுக்குப் போகாமல், சாதாரணமாக நாம் சாப்பிடும் இடங்களுக்கு அவர்களை அழைத்துச் செல்ல விரும்புகிறேன். எங்கே தொடங்கலாம்?
(வாசகர், பம்பலப்பிட்டி)

பதில்: வீட்டில் தொடங்குங்கள். முதல் இரண்டு நாளும் இடியப்பம், பருப்பு, உறைப்பில்லாத உருளைக்கிழங்குப் பால்கறி என்று கொடுத்து மருமக்களின் வயிற்றைப் பழக்கிவிட்டு, அதன் பின்னர் வெளியே அழைத்துச் செல்லுங்கள்.

வெளியே செல்லும் முதல் மாலை காலிமுகத்திடலுக்கு உரியது. ஆளுநர் ஹென்றி வார்டின் காலத்தில், 1859 ஆம் ஆண்டில், உலாவுவதற்காக அமைத்து முடிக்கப்பட்ட அந்தத் திடலில் இன்று பட்டம் விடும் பிள்ளைகளும், இறால் பதித்த பருப்பு வடையைச் சிங்களமும் தமிழும் கலந்து கூவி விற்கும் வண்டிக்காரர்களும் நிறைந்திருக்கிறார்கள். இஸ்ஸோ வடை என்று எல்லோரும் அழைக்கும் அந்த வடையை, அடுக்கி வைத்த குவியலிலிருந்து வாங்காமல், உங்கள் கண் முன்னே எண்ணெயில் இட்டு எடுத்ததாகக் கேட்டு வாங்குங்கள். பிள்ளைகளுக்கு மிளகாய்க் குழம்பை மேலே ஊற்ற வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குடிப்பதற்குச் செவ்விளநீரைவிடப் பாதுகாப்பானது வேறில்லை.

கொத்து ரொட்டியைப் பொதியாக வீட்டுக்கு எடுத்துச் செல்லாதீர்கள். பொதிக்குள் ஆவி அடைபட்டு ரொட்டி நொய்ந்துபோவதோடு, கொத்தின் பாதி இன்பமான அந்தத் தகட்டுச் சத்தத்தையும் பிள்ளைகள் இழந்துவிடுவார்கள். இருட்டிய பின் கடைக்கே போய், தட்டைக் கல்லில் ரொட்டியும் முட்டையும் லீக்ஸும் இரண்டு தகடுகளுக்கிடையே தாளமிடுவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடட்டும். அப்பமும் அப்படித்தான். இரவெல்லாம் புளித்த மாவை ஒவ்வொன்றாகச் சட்டியில் சுழற்றி ஊற்றும் வேலையை வீட்டில் ஆறு பேருக்குச் செய்வதென்றால் செய்பவர் கடைசிவரை அடுப்படியிலேயே நிற்க வேண்டியிருக்கும். கடையிலோ எல்லோரும் ஒன்றாக அமர்ந்து, ஓரம் மொறுமொறுவென்றிருக்கும்போதே உண்ணலாம்.

வெள்ளவத்தையிலும் செட்டியார் தெருப் பக்கத்திலும் உள்ள சைவக் கடைகளுக்கு ஒரு காலை வேளையில் அழைத்துச் செல்லுங்கள். சில தேநீர்க் கடைகளில் வடையும் ரோல்ஸும் நிறைந்த தட்டொன்றைக் கேட்காமலே மேசையில் வைத்துவிட்டு, உண்டவற்றை மட்டும் எண்ணிக் காசு வாங்கும் வழக்கம் உண்டு. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகள் முழுத் தட்டும் தங்களுக்கே என்று எண்ணிவிடுவார்கள், ஆகவே முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஐரோப்பிய வழிவந்த பறங்கியர் வீட்டு உணவான லம்பிரைஸையும் ஒரு நாள் மதியத்துக்கு வாங்குங்கள். இறைச்சி அவித்த சாற்றில் வேகவைத்த சோற்றையும் கறிகளையும் வாழையிலையில் பொதிந்து மீண்டும் அடுப்பில் வாட்டுவதால், அது காத்திருக்கத் தெரிந்த உணவு. பொதியாக எடுத்து வந்தாலும் சுவை குறையாது.

போயா எனப்படும் பௌர்ணமி தினங்களில் இறைச்சிக் கடைகள் மூடியிருக்கும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் மே மாதத்தில் வருவதாயிருந்தால் வெசாக் காலத்துத் தன்சலில் வரிசையில் நிற்கவையுங்கள். இன்னார் என்று பாராமல் வருபவர் எல்லோருக்கும் இலவசமாகச் சோறிடும் அந்தப் பந்தல்களை அந்தப் பிள்ளைகள் அவசியம் பார்க்க வேண்டும்.

கேள்வி: உணவகத்தில் பட்டியலில் இருந்த விலையைவிடக் கூடுதலாகப் பற்றுச்சீட்டு வந்தது. ஏன்?
(வாசகி, தெஹிவளை)

பதில்: பல உணவகங்கள் 10 சதவீதச் சேவைக் கட்டணத்தைச் சேர்க்கின்றன. அதோடு, 2024 ஜனவரி முதல் 18 சதவீதமாக உயர்ந்த பெறுமதி சேர் வரியும் வரலாம். இவை விலையில் அடங்கியுள்ளனவா என்று அமர்வதற்கு முன்னரே கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டியதில்லை.

கேள்வி: மரவள்ளிக்கிழங்கு உண்ட நாளில் இஞ்சி சேர்க்கக் கூடாது என்கிறார்கள். உண்மையா?
(வாசகர், மட்டக்குளி)

பதில்: இஞ்சியைத் தவிர்ப்பதால் உங்களுக்கு நட்டம் எதுவுமில்லை; ஆனால் ஆபத்தின் வேர் கிழங்கிலேயே இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். மரவள்ளியில் சயனைட்டை வெளிவிடும் சேர்மங்கள் இயற்கையாகவே உள்ளன. தோலைத் தடிப்பாகச் சீவி, சிறு துண்டுகளாக வெட்டி, நிறையத் தண்ணீரில் மூடாமல் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். கிண்டிய ஓரிரு நாளுக்குள் சமையுங்கள். வெட்டும்போது உள்ளே நீலமோ கறுப்போ கோடுகள் தெரிந்தால், அல்லது அவித்த துண்டு கசந்தால், முழுவதையும் எறிந்துவிடுங்கள். நல்ல கிழங்கென்றால், சூட்டோடு தேங்காய்ப்பூவும் மிளகாய்ச் சம்பலும் வைத்துச் சாப்பிடுங்கள்.