ஆவணி வெயிலும் அரிசோனா இடியும்

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில், டூசானில் இருக்கிறாள். ஆகஸ்ட் கடைசியில் அங்கே போகிறேன். போனில் பேசும்போது, "நாற்பது டிகிரி அடிக்குதும்மா, ஆனா சாயங்காலம் இடியும் மழையுமா கொட்டுது, இங்கயும் மான்சூன்தான்" என்கிறாள். பாலைவனத்தில் பருவமழையா? அக்னி நட்சத்திரத்தையே பார்த்த எனக்கு அந்த வெயில் தாங்குமா?
- வாசகி, மேற்கு மாம்பலம்

பதில்: உங்கள் மகள் சொன்னது உண்மைதான் அம்மா. அங்கே ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை பருவமழைக் காலம் என்று 2008-லிருந்து வைத்திருக்கிறார்கள். டூசானில் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி இந்த மாதங்களில்தான் பெய்கிறது. பருவமழை என்றாலே காற்று திசை மாறுவதுதானே. கோடையில் நிலம் காய்ந்து கொதிக்கும்போது தெற்கே கலிபோர்னியா வளைகுடா, மெக்சிகோ பக்கத்துக் கடல்களிலிருந்து ஈரக்காற்று உள்ளே வரும். அந்த ஈரத்தை வெயில் மேலே தூக்கிவிட, மலை உச்சிகளில் மேகம் திரளும். சென்னையில் ஆடி, ஆவணியில் பகலெல்லாம் பொசுக்கிவிட்டு ராத்திரி எட்டு மணிக்கு மேற்கிலிருந்து, வேலூர், ராணிப்பேட்டைப் பக்கம் உருவான மேகம் நகர்ந்து வந்து இடிக்கிறதே, வெப்பச்சலன மழை, கிட்டத்தட்ட அதே கதைதான். நம் முன்னோர் ஆவணியையும் புரட்டாசியையும் கார்காலம் என்றார்கள். அங்கேயும் அந்த மாதங்களில் கார்மேகத்தைப் பார்க்கலாம்.

வெயிலுக்கு வருகிறேன். நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31-ஆம் தேதி 45 டிகிரி பதிவானது, நமக்கும் வெயில் புதிதில்லை. ஆனால் டூசானுக்கு வடக்கே இருக்கிற பீனிக்ஸில் 2023-ல் தொடர்ந்து 31 நாள் 43 டிகிரிக்கு மேல் அடித்தது. அண்ணன் அங்கே வேலையில் இருந்தபோது ஒரு ஆகஸ்ட் முழுக்க நான் டூசானில் தங்கினேன். மழை வராத ஒரு நாள் காலையில் துவைத்துப் போட்ட துண்டு, காபி குடித்துவிட்டு வருவதற்குள் அப்பளம் மாதிரி விறைத்துக் கிடந்தது. உடம்பில் வியர்வையே தெரியாது, வராமல் இல்லை, வந்தவுடன் காய்ந்துவிடுகிறது, அதனால் தாகம் எடுக்கும் வரை காத்திருக்கிறோம், அதற்குள் தலை சுற்ற ஆரம்பித்துவிடும். நம் ஊரில் நனைந்த ரவிக்கை ஞாபகப்படுத்தும், அங்கே ஞாபகப்படுத்த எதுவும் இல்லை. தாகம் இருக்கோ இல்லையோ, தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருங்கள். காலை நடையை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

மழையைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். பேரப்பிள்ளைகள் இருந்தால் இதை அவசியம் படித்துக் காட்டுங்கள். ஊருக்குள்ளேயே மணல் படுகைகள் ஓடும், வருஷத்தில் முக்கால்வாசி நாள் சொட்டுத் தண்ணீர் இருக்காது, பிள்ளைகளுக்கு விளையாட்டுத் திடல் மாதிரி தெரியும். மழை பெய்வதோ எங்கோ தள்ளி, கேட்டலினா மலையில். நம் தலைக்கு மேல் நீல வானமாக இருக்கும்போதே படுகையில் காட்டாறு வந்துவிடும். வெயிலில் இறுகிப்போன மண், பல இடங்களில் அடியில் சுண்ணாம்புப் பாறை வேறு, தண்ணீரைச் சீக்கிரம் குடிக்காது. ஓடுகிற தண்ணீர் ஒரு அடி இருந்தாலே சிறிய காரை இழுத்துவிடும். நம் சுரங்கப்பாதைகளில் தண்ணீர் நிற்கும்போது "போயிடலாம்" என்று வண்டியை விடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள், அங்கேயும் அப்படி ஆட்கள் உண்டு. தடுப்பைத் தாண்டிப் போய் மாட்டிக்கொண்டால் மீட்கும் செலவை அவர்களிடமே வசூலிக்க 1995-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். சரியான சட்டம் என்பேன்.

இடி கேட்டால் வீட்டுக்குள் போய்விடுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று கணக்கு. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்து வெளியே வரலாம்.

கேள்வி: பாலைவன ஊர்களில் தண்ணீர் ஊற்றுகிற ஏர்கூலர் ஏசிக்குச் சமமாகக் குளிரூட்டுமாம். எங்கள் வீட்டில் வாங்கிய கூலர் ஏன் புழுக்கத்தைத்தான் கூட்டுகிறது?
- வாசகர், பெரம்பூர்

பதில்: கூலர் மேல் தப்பில்லை. தண்ணீர் ஆவியாகும்போதுதான் குளிர்ச்சி வரும், ஏற்கெனவே ஈரம் ஏறிய கடற்கரைக் காற்றில் அது எங்கே ஆவியாகும்? டூசானில் ஜூன் மாதம் பிரமாதமாக வேலை செய்கிற அதே கூலர், பருவமழை ஈரம் வந்தவுடன் படுத்துவிடும். ஜன்னலைத் திறந்து வைத்து ஓட்டிப் பாருங்கள், புழுக்கம் கொஞ்சம் குறையும்.

கேள்வி: எல்லா ஊரிலும் மண்வாசனை ஒன்றுதானா?
- கல்லூரி மாணவி, தாம்பரம்

பதில்: அடிப்படை ஒன்றுதான். மண்ணில் இருக்கிற நுண்ணுயிர்கள் ஜியோஸ்மின் என்ற பொருளை உண்டாக்குகின்றன, முதல் துளிகள் விழும்போது அது காற்றில் ஏறுகிறது. 1964-ல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இருவர் இந்த வாசனைக்கு பெட்ரிகோர் என்று பெயர் வைத்தார்கள். உத்தரப்பிரதேசத்தில் கன்னோஜில் சுட்ட மண்ணிலிருந்து அத்தரே இறக்குகிறார்கள்.

ஆனால் டூசான் வாசனை வேறு. அங்கே கிரியோசோட் என்று ஒரு புதர், சின்னச் சின்ன இலை, தொட்டால் பிசின் ஒட்டும். ஈரம் பட்டதும் அந்தப் பிசினின் எண்ணெய் வாசம் ஊர் முழுக்கப் பரவுகிறது, கொஞ்சம் தார், கொஞ்சம் கற்பூரம் கலந்த மாதிரி எனக்குத் தோன்றியது. ஸ்பானிஷ் மொழியில் அதற்கு நாற்றம் என்ற பொருளிலேயே ஒரு பெயர் உண்டு, ஆனால் அந்த ஊர்க்காரர்களுக்கு அதுதான் மழையின் மணம். அண்ணனின் பக்கத்து வீட்டுப் பாட்டி அதில் ஒரு கொத்தை ஒடித்துக் குளியலறை ஷவரில் கட்டித் தொங்கவிட்டிருந்தார், மழை இல்லாத நாளிலும் வெந்நீரைத் திறந்தால் அந்த வாசனை வரும் என்று.