ஸ்பானிஷ் வகுப்பில் ஸ்பானிஷ் வீட்டுப் பிள்ளைகள்

வணக்கம். நாங்கள் டல்லாஸ் பக்கம் இருக்கிறோம். மகள் ஒன்பதாம் வகுப்பில் ஸ்பானிஷ் எடுத்திருக்கிறாள். ராத்திரி வெகுநேரம் உட்கார்ந்து வினைச்சொல் அட்டவணைகளை மனப்பாடம் செய்கிறாள். அவள் வகுப்பில் பாதிப் பேர் வீட்டிலேயே ஸ்பானிஷ் பேசுகிறவர்கள். அவர்கள் படிக்காமலே 'ஏ' வாங்குகிறார்களாம். தெரிந்த மொழியையே பாடமாக எடுக்கப் பள்ளி எப்படி விடுகிறது? இது நியாயமா?
ஆர்.

அன்புள்ள ஆர்.,

மகளின் எரிச்சல் புரிகிறது. ஆனால் அந்த 'ஏ' அவள் நினைக்கிற மாதிரி சும்மா வருவதில்லை. நிறம், எண், கிழமை என்று போகிற முதல் சில மாதங்களில் வரும். அப்புறம் எழுத வேண்டும். ஸ்பானிஷில் எச் எழுத்துக்கு ஒலியே கிடையாது. பி (b), வி (v) இரண்டும் காதுக்கு ஒன்றுதான். லத்தீன் அமெரிக்கப் பேச்சில் எஸ்ஸுக்கும் இசட்டுக்கும் வேறுபாடு இல்லை. காதால் மட்டுமே மொழியைப் பிடித்த பிள்ளை இங்கே வழுக்கி விழும். நம் வீட்டுப் பிள்ளைகள் ல, ள, ழ எழுதும்போது படுகிற பாடுதான். உங்கள் மகள் ஒவ்வொரு சொல்லையும் எழுத்தில் பார்த்துக் கற்றவள், அவளுக்கு இந்தப் பிழைகள் அதிகம் வராது.

இலக்கணத் தாள் இன்னும் வேடிக்கை. விருப்பம், சந்தேகம் போன்றவற்றைச் சொல்ல ஸ்பானிஷில் சப்ஜங்டிவ் என்று தனி வினை வடிவம் உண்டு. வீட்டில் அதைத் தப்பில்லாமல் பேசுகிற பிள்ளை, "சப்ஜங்டிவ் வடிவத்தை எழுதுக" என்று கேட்டால் விழிக்கும். எழுதினாலும், பாட்டி சொல்கிற 'ஐகா' (haiga) என்ற பேச்சு வடிவத்தை எழுதிவைக்கும். புத்தகத்தில் இருப்பது 'ஆயா' (haya). சிவப்பு மை விழும். மெக்சிகோ கிராமங்களிலிருந்து வந்த குடும்பங்கள் 'கொண்டுவந்தேன்' என்பதற்கு 'த்ரூஹே' என்பார்கள். இன்றைய பாடநூல்படி அதுவும் தப்பு. நானூறு வருஷத்துக்கு முன் செர்வாந்தெஸ் தன் புகழ்பெற்ற 'டான் கிஹோட்டே' நாவலில் எழுதிய வடிவம் அது! கல்லூரியில் ஸ்பானிஷ் படித்துவிட்டு வந்த ஆசிரியர் அதை அடித்துவிட்டு, "வீட்டில் கொச்சையாகப் பேசுகிறீர்களா?" என்று கேட்டால் அந்தப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்?

டெக்சாஸில் இதற்கு ஒரு பின்கதை உண்டு. மேற்கு டெக்சாஸின் மார்ஃபா ஊரில், மெக்சிக வம்சாவளிப் பிள்ளைகளுக்கென்று பிரித்துவைத்திருந்த பிளாக்வெல் பள்ளியில் ஸ்பானிஷ் பேசினால் பிரம்படி. 1954இல் அங்கே பிள்ளைகளை ஸ்பானிஷ் சொற்களைத் துண்டுச்சீட்டில் எழுதவைத்து, பெட்டியில் போட்டுப் பள்ளி வளாகத்தில் புதைக்கச் சொன்னார்கள். சவ ஊர்வலம் மாதிரியே நடத்தியிருக்கிறார்கள். 2022இல் அந்தப் பள்ளியை தேசிய வரலாற்றுத் தலமாக்கச் சட்டம் வந்தது. இப்படி அடிவாங்கி வளர்ந்தவர்களில் பலர் தங்கள் பிள்ளைகளிடம் ஸ்பானிஷ் பேசவே இல்லை. அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அதே மொழியை ஒன்றாம் பாடத்திலிருந்து படிக்கிறார்கள். மகளின் வகுப்பில் அப்படிச் சிலர் நிச்சயம் இருப்பார்கள்: கார்சியா என்று பெயர், பாட்டி பேசினால் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். "நீ மெக்சிகன்தானே, உனக்கே தெரியாதா?" என்று எல்லோரும் கேட்பார்கள். குவாத்தமாலாவிலிருந்து வந்த பிள்ளை என்றால் வீட்டு மொழி ஸ்பானிஷாக இல்லாமல் மாம் அல்லது கிச்சே என்ற மாயா மொழியாகக்கூட இருக்கலாம். பெயரைப் பார்த்து வகுப்பு ஒதுக்குகிற அலுவலகத்துக்கு இதெல்லாம் தெரிவதில்லை.

ஆகவே அந்தப் பிள்ளைகள் ஸ்பானிஷ் படிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அவர்களை உங்கள் மகளோடு உட்காரவைத்து 'ஓலா, எப்படி இருக்கிறாய்' சொல்லிக்கொடுப்பதில்தான் ஆட்சேபம். வீட்டில் மொழி உள்ளவர்களுக்குத் தனி வகுப்பு வேண்டும் என்பது புதுச் சிந்தனை இல்லை. 1970களிலிருந்தே பேசுகிறார்கள், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மொழிக்கல்வி ஆய்வாளர் குவாதலூப்பே வால்தெஸ் வாழ்நாள் முழுக்க இதைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்த வகுப்பில் நிறங்களின் பெயர் கிடையாது. முதல் நாளிலிருந்தே வாசிப்பும் கட்டுரையும்தான். பாட்டியின் பேச்சை அழிக்காமல் அதன் பக்கத்தில் எழுத்து மொழியை வைப்பார்கள். அங்கிருந்து ஏபி (பள்ளியிலேயே படிக்கிற கல்லூரித் தரப் பாடம்) ஸ்பானிஷ் இலக்கியம் வரை போகலாம். அதில் படிக்க வேண்டிய 38 படைப்புகளின் பட்டியலில், டெக்சாஸின் கிரிஸ்டல் சிட்டியில் பண்ணைக் கூலிக் குடும்பத்தில் பிறந்த எழுத்தாளர் தோமாஸ் ரிவேராவும் இருக்கிறார். ஏபி தேர்வில் நல்ல மதிப்பெண் வந்தால் பல கல்லூரிகளில் ஒரு பாடத்தின் கட்டணம் மிச்சம். கூலி வேலைக்குப் போகிற குடும்பத்துக்கு அது சின்ன விஷயமில்லை.

எல்லாப் பள்ளியிலும் இந்த வகுப்பு இல்லை. ஆசிரியர் கிடைக்கவில்லை என்பார்கள், பிள்ளைகள் போதவில்லை என்பார்கள். வகுப்பில் பாதிப் பேர் என்று நீங்களே எழுதியிருக்கும்போது இரண்டாவது காரணம் உங்கள் பள்ளியில் எடுபடாது.

சரி, உங்களிடம் ஒரு கேள்வி. அமெரிக்காவில் சில பள்ளி மாவட்டங்கள் வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் படித்ததை அயல்மொழிப் பாடமாகக் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. உங்கள் மாவட்டமும் ஒப்புக்கொண்டால் மகளை அதில் சேர்க்க மாட்டீர்களா? நான் என்றால் உடனே சேர்த்துவிடுவேன். வீட்டில் பேசுகிற மொழிதானே என்று கார்சியாவின் அம்மா கேட்டால் என்ன பதில் சொல்வீர்களோ, அதுதான் உங்கள் கடிதத்துக்கும் பதில்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் தனி வகுப்பைப் பற்றிக் கேளுங்கள். முடிந்தால் கார்சியாவின் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். தனி வகுப்பு வந்தால் மகளின் வகுப்பிலும் எல்லோரும் அவளைப் போலத் தட்டுத்தடுமாறிக் கற்பவர்களாக இருப்பார்கள், வாய் திறந்து பேச அவளுக்கும் கூச்சம் இருக்காது.