அம்மாச்சிக்கு வந்த பூஜ்யம்

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

கொரோனா காலத்து மதுரை பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். 2021இல் சமூகப்பணி முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். மேலூர்ப் பக்கம் வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்பினோம். தடுப்பூசியை நம்புகிறீர்களா, கடந்த இரண்டு வாரத்தில் மனச்சோர்வு இருந்ததா என்றெல்லாம் கேள்விகள். கிட்டத்தட்ட எல்லாருமே “நல்லாருக்கேம்மா” என்றார்கள். வீட்டுக்கு வந்து அந்த ஒன்பது மனநலக் கேள்விகளையும் என் அம்மாச்சியிடம் கேட்டேன். பூஜ்யம் வந்தது. தாத்தா கொரோனாவில் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. அம்மாச்சி விடிய விடிய உட்கார்ந்திருப்பதைத் தினமும் பார்த்தவள் நான். இப்படி மனசை அளப்பதில் அர்த்தம் இருக்கிறதா?

பெயர் வேண்டாம், மேலூர்.

அன்புத் தங்கைக்கு,

அர்த்தம் இருக்கிறது. அம்மாச்சி உங்களிடம் பொய் சொல்லவும் இல்லை.

உங்கள் கையில் இருந்தது பி.எச்.க்யூ-9 என்ற மனச்சோர்வை அளக்கும் படிவமாகத்தான் இருக்கும். ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் கவனிக்க வேண்டும் என்பார்கள். 2001இல் அமெரிக்காவில் இதைச் சரிபார்த்தது மருத்துவரைத் தேடி வந்த நோயாளிகளிடம். தேடி வருகிறவர் எதையோ சொல்லத்தான் வருகிறார். நீங்களோ அவர்கள் வாசலுக்குப் போய் நின்றீர்கள். வாசலில் நிற்கும் பிள்ளையிடம் நம் ஊரில் வேறென்ன சொல்வார்கள்?

இன்னொன்றும் உண்டு. 2020 ஜூன் கடைசியில் மதுரையில் மறுபடி ஊரடங்கு போட்டார்களே, அப்போது எங்கள் தெருவில் எதிர்வீட்டு வாசலை மறித்துத் தகரம் அடித்தார்கள். அந்த வீட்டுப் பாட்டி தகரத்துக்கு மேலே கையை நீட்டித்தான் பால் பாக்கெட் வாங்குவார். முகம் தெரியாது, வளையல் போட்ட கை மட்டும் தெரியும். மறுவாரம் ஒரு பெண் நோட்டோடு வந்து வீட்டில் யாருக்காவது காய்ச்சல் உண்டா என்று கேட்டார். என் மனைவிக்கு இரண்டு நாளாக உடம்பு சுட்டுக்கொண்டிருந்தது. இல்லை என்றுதான் சொன்னேன். அது தப்பு. ஆனால் அந்தக் கை கண்ணுக்குள்ளேயே இருந்தது. அதையெல்லாம் பார்த்த சனங்களிடம்தான் மறுவருஷம் நீங்கள் படிவத்தோடு போயிருக்கிறீர்கள்.

நம்பிக்கை பற்றிய கேள்விக்கு வருகிறேன். 1950களில் அமெரிக்காவில் காசநோய்க்கு இலவசமாக எக்ஸ்ரே எடுத்தும் நிறைய பேர் வரவில்லை. ஏன் என்று யோசித்தவர்கள் கேள்வியை நாலாகப் பிரித்தார்கள்: நமக்கு வரும் என்று நினைக்கிறாரா, வந்தால் எவ்வளவு மோசம் என்று நினைக்கிறார், தடுக்க வழி உண்டு என்று நம்புகிறாரா, அந்த வழியில் போகவிடாமல் எது தடுக்கிறது. நாலாவதுதான் நம் பக்கம் முக்கியம். தமிழ்நாட்டில் தடுப்பூசி 2021 ஜனவரி 16 அன்று மதுரை ராஜாஜி மருத்துவமனையில்தான் தொடங்கியது. ஏப்ரலில் நடிகர் விவேக் ஊசி போட்ட இரண்டாம் நாள் இறந்தார். ஊசிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று டாக்டர்கள் சொன்னாலும் பயம் பரவிவிட்டது. அந்தப் பயம் நிஜம். ஆனால் ‘இல்லை’ என்று சொன்னவர்களில், “ஊசி போட்டா ரெண்டு நாளு காய்ச்சலா கெடப்பேன், கூலிய யாரு குடுப்பா?” என்றவரும் உண்டு. அவருக்கு ஊசி மேல் சந்தேகமே கிடையாது. நிலைப்படியில் வேப்பிலை செருகிவிட்டு, கபசுரக் குடிநீரையும் குடித்துவிட்டு, ஊசிக்கும் வரிசையில் நின்ற அக்காக்கள் எத்தனை பேர்! ஆம், இல்லை என்ற இரண்டு கட்டத்தில் அவர்களை எங்கே எழுதுவது?

நிறைய பேரைக் கேட்டால் சரியாகிவிடும் என்பதும் இல்லை. அமெரிக்காவில் ஃபேஸ்புக் வழியாக வாரம் சுமார் இரண்டரை லட்சம் பேரிடம் கேட்டார்கள். 2021 மே மாதக் கணக்கில், ஊசி போட்டவர்களின் சதவீதம் உண்மையைவிட 17 புள்ளி கூடுதலாக வந்தது. ஆயிரம் பேரை மட்டும் கவனமாகத் தேர்ந்தெடுத்துக் கேட்ட இன்னொரு கணக்கு உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது. பதில் சொல்ல வராதவர் யார் என்பதுதான் பெரிய விஷயம்.

சரி, அம்மாச்சி. ‘மனச்சோர்வு’ அவர் வாயில் புழங்கும் சொல்லே கிடையாது. “மனசு ஒரு நெலையில இல்ல”, “நெஞ்சு படபடங்குது” என்பார்கள். ஆளாளுக்குச் சொல்லை மாற்றினால் மதிப்பெண்ணை ஒப்பிட முடியாது, அதனால் ஒன்பதும் அப்படியே இருக்கட்டும். ஆனால் அவர்கள் சொல்லும் சொல்லையும் ஓரத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். அப்புறம், ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றிய நினைப்பைக் கேட்கிறது. அதற்கு ‘ஆமாம்’ என்று பதில் வந்தால் அடுத்த வீட்டுக்கு நகரக் கூடாது. இன்றைக்கு 14416 இருக்கிறது, டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். 2022 அக்டோபரில்தான் வந்தது. நீங்கள் போனபோது உங்கள் கையில் அதுகூட இல்லை.

நம் பக்கம் துக்கம் தனியாக ஆறுவதில்லை. கேதம் கேட்க வந்த பெண்கள் கட்டிக்கொண்டு அழுவார்கள், அழுகைக்கு நடுவே போனவரைப் பற்றிப் பேசுவார்கள். உங்கள் தாத்தாவுக்கு அது நடந்திருக்காது. முகத்தைக்கூடச் சரியாகப் பார்த்திருக்க மாட்டார்கள். இரண்டு வாரத்தைப் பற்றிக் கேட்கும் படிவத்தில் இதற்கு இடம் இல்லை.

அம்மாச்சி இருக்கிறார்தானே? படிவம் இல்லாமல், ஒரு சாயங்காலம், கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் உட்காருங்கள். தாத்தா போனதற்குக் கேதம் கேட்க யார் யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று கேளுங்கள்.