வட்டார மரவேலைக் கண்காட்சிக்கு ஒரு நாளை ஒதுக்கலாமா?

கேள்வி: சிறிய மரச்சாமான் பட்டறை நடத்துகிறேன். பக்கத்து நகரத்தில் மரவேலை இயந்திரக் கண்காட்சி நடக்கவிருக்கிறது. வேலையை விட்டுவிட்டு ஒரு நாள் போய் வருவதில் பயன் உண்டா? போனால் எதைப் பார்க்க வேண்டும்?

போய் வாருங்கள், பயன் உண்டு. புதுமையைப் பார்ப்பது மட்டுமே நோக்கம் என்றால் ஏமாற்றம்தான் மிஞ்சும். இந்தத் தொழிலின் புதிய இயந்திரங்கள் பெரும்பாலும் பெரிய கண்காட்சிகளில்தான் முதலில் தலைகாட்டுகின்றன. ஜெர்மனியின் ஹானோவரில் 1975 முதல் நடந்துவரும் லிக்னா, அமெரிக்காவின் அட்லாண்டாவில் இரட்டைப்படை ஆண்டுகளில் நடக்கும் ஐ.டபிள்யூ.எஃப், இத்தாலியின் மிலானில் நடக்கும் சைலெக்ஸ்போ ஆகியவை அந்த வகை. அங்கே அறிமுகமானவை வட்டாரக் கண்காட்சிக்கு வந்து சேர்வதற்குள் நாம் அவற்றைக் காணொளிகளில் பார்த்துச் சலித்திருப்போம். ஆனால் இயந்திரத்தை நமக்கு விற்கப்போகிறவரையும், அது பழுதாகி நின்றால் கருவிப்பையோடு வரப்போகிறவரையும் ஒரே கூரையின் கீழ் சந்திக்க வட்டாரக் கண்காட்சியை விட்டால் வேறு இடம் இல்லை.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு உள்ளே நுழையுங்கள்: கண்காட்சிக் கூடத்தில் எல்லா இயந்திரமும் நன்றாகத்தான் ஓடும். பிளேடு புதிது, மின்சாரம் சீரானது, இயக்குபவர் கைதேர்ந்தவர், அறுக்கப்படும் பலகையை அவர்களே பார்த்துப் பொறுக்கியிருப்பார்கள். இதே இயந்திரம் நம் பட்டறையில், நம் ஆள் கையில், நம் பலகையை எப்படி அறுக்கும் என்பதைத்தான் நாம் கண்டுபிடித்தாக வேண்டும்.

அதனால் உங்கள் பலகையை எடுத்துப் போங்கள். பலர் கூச்சப்பட்டுச் செய்யாமல் விடும் காரியம் இது. நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் பிளைவுட், லேமினேட் ஒட்டிய துகள்பலகை ஆகியவற்றிலிருந்து கைக்கு அடக்கமான சில துண்டுகளை ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். கூடவே ஒரு சிறிய மூலைமட்டமும் அளவு நாடாவும். "இதைக் கொஞ்சம் அறுத்துக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். நல்ல விற்பனையாளர் மறுக்கமாட்டார். மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான்.

பெரிய பலகைகளை நேராக அறுக்கும் பேனல் சா இயந்திரத்தில் அறுத்துக் கொடுத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். மேல்முகத்தைப் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள், துண்டைத் திருப்புங்கள். பெரிய பிளேடின் பற்கள் பலகையை மேலிருந்து கீழாக வெட்டிக்கொண்டு வெளியேறுவதால் பிசிறு பறப்பதெல்லாம் அடிமுகத்தில்தான். அதைத் தடுக்கத்தான் அதற்கு முன்னால் ஸ்கோரிங் பிளேடு என்ற சின்னத் தகடு, எதிர்த்திசையில் சுழன்று, அடியில் ஓரிரு மில்லிமீட்டர் ஆழத்துக்கு முன்கூட்டியே கோடு கீறிக்கொண்டு போகிறது. அந்தக் கீறல் பெரிய பிளேடின் வெட்டைவிட மிக மிகச் சிறிய அளவே அகலமாக இருக்க வேண்டும். குறைந்தால் லேமினேட் பல்லுப் பல்லாகப் பெயரும். கூடினால் வெட்டிய விளிம்பின் அடியோரத்தில் மயிரிழை அளவுக்கு ஒரு படி விழும். கண்ணுக்கு அது தெரியாது. கட்டைவிரல் நகத்தை அடியோரத்திலிருந்து மேலே இழுத்துப் பாருங்கள், நகம் தடுக்கினால் படி இருக்கிறது என்று பொருள். வெட்டிய விளிம்பை மூட ஒட்டும் பட்டை அந்தப் படியின் மேல் சரியாக உட்காராது. பிறகு இயக்குபவரிடம், அந்தச் சின்னத் தகட்டை இடவலமாகவும் மேல்கீழாகவும் நகர்த்திச் சரிசெய்து காட்டச் சொல்லுங்கள். வெளியே இருக்கும் ஒரு திருகைத் திருப்பினால் போதுமா, மூடியைக் கழற்றி உள்ளே கையை விட வேண்டுமா என்பது அப்போது தெரிந்துவிடும். உள்ளே கையை விட வேண்டியிருந்தால் பட்டறையில் எவரும் அதைச் செய்யமாட்டார்கள், பிசிறோடேயே காலம் தள்ளுவார்கள்.

கணினிக் கட்டளைப்படி தானே செதுக்கி வெட்டும் சிஎன்சி ரவுட்டர் அரங்கில்தான் எப்போதும் கூட்டம் மொய்க்கும். கதவுப் பலகையில் பூவேலைப்பாடு செதுக்கிக்கொண்டிருப்பார்கள். பார்க்க அழகுதான், ஆனால் செதுக்குவதற்கு இயந்திரம் அதிகம் திணறுவதில்லை. அலமாரி செய்பவருக்கு வேண்டியது 2440க்கு 1220 மில்லிமீட்டர் முழுப் பலகையை மேசையில் போட்டு, 18 மில்லிமீட்டர் கனத்தையும் ஊடுருவித் துண்டு துண்டாக வெட்டுவது. அப்போது பலகையைப் பிடித்துவைத்திருப்பது அடியிலிருந்து காற்றை உறிஞ்சும் வெற்றிடப் பம்பு மட்டும்தான். பெரிய துண்டுகள் அசையாது, சிறிய துண்டுகள் வெட்டி முடிக்கும் தறுவாயில் நழுவிவிடும். ஆகவே உள்ளங்கை அளவுத் துண்டுகளாக ஒரு பலகையை வெட்டிக் காட்டச் சொல்லுங்கள். பம்பு, காற்றழுத்தி, தூசு உறிஞ்சி, மென்பொருள் உரிமம் இவையெல்லாம் அரங்கில் எழுதிவைத்த விலைக்குள் வருமா என்றும் கேளுங்கள். பெரும்பாலும் வராது. இயந்திரத்தைச் சுற்றிப் பலகையை ஏற்றி இறக்க எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள் என்பதையும் காலடியால் அளந்து பாருங்கள். அந்த இடமும் உங்கள் பட்டறையில் வேண்டும்.

பலகையின் விளிம்பில் பட்டை ஒட்டும் எட்ஜ் பேண்டிங் இயந்திரத்தில், ஒட்டிய பட்டையின் நடுப்பகுதியைப் பார்க்கவே வேண்டாம், அங்கே எல்லா இயந்திரமும் ஒட்டும். கடைசி இரண்டு விரற்கடை நீளத்தையும் மூலையையும் மட்டும் பாருங்கள். பசையைப் பற்றியும் விசாரியுங்கள். பரவலாக இருப்பது ஈ.வி.ஏ. என்ற உருகுபசை. மீண்டும் சூடு பட்டால் இளகும் என்பதால் அடுப்புக்கு அருகில் வரும் அலமாரிகளில் அதன் பட்டைகள் வாய் பிளக்கும். பி.யூ.ஆர். பசை ஈரத்தோடு வினைபுரிந்து இறுகுவது. இறுகிய பிறகு உருகாது, நீருக்கும் தாங்கும். ஆனால் அதே குணத்தால், வேலை முடிந்ததும் காற்று புகாமல் மூடியோ சுத்தம் செய்தோ வைக்காவிட்டால் பசைத் தொட்டியிலேயே கல்லாகிவிடும். கண்காட்சியில் இயந்திரம் காலை முதல் மாலை வரை சூடாகவே நிற்கிறது. உங்கள் பட்டறையில் நாளுக்கு ஒரு மணி நேரம் ஓடினால் அதிகம். சூடேற எத்தனை நிமிடம், அணைத்த பிறகு என்ன செய்ய வேண்டும், அதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்ற மூன்றையும் கேட்காமல் நகராதீர்கள்.

இதையெல்லாம் யாரிடம் கேட்பது? கையில் விளம்பர ஏட்டோடு முன்னால் நிற்கும் இளைஞரிடம் அல்ல. அவர் நல்லவர், ஆனால் அவருக்குத் தெரிந்தது அந்த ஏட்டில் இருப்பதுதான். அரங்கின் பின்பக்கம், சட்டையில் கிரீஸ் கறையோடு, பையில் ஆலன் சாவிகள் துருத்திக்கொண்டிருக்க ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். இயந்திரங்களை லாரியிலிருந்து இறக்கி மட்டம் பார்த்து நிறுத்தியவர் அவர். அவரிடம் நான் வழக்கமாகக் கேட்பது: "இதில் முதலில் தேயும் பாகம் எது? அது உங்கள் கிடங்கில் இருக்கிறதா?" உண்மையாக வேலை பார்ப்பவர் யோசிக்காமல் சொல்வார்: தாங்கு உருளை, பெல்ட், பசை உருளை என்று ஏதாவது ஒன்று. "இதில் எதுவும் தேயாது" என்று சொன்னவரிடம் நான் மேற்கொண்டு பேசியதில்லை.

பாதுகாப்புச் செயல்விளக்கங்கள் கூட்டம் சேர்ப்பவை. சுழலும் பிளேடில் விரலுக்குப் பதிலாகச் சாசேஜ் என்ற இறைச்சிக் குழலை நீட்டுவதும், அது கீறலோடு தப்புவதும் உலகறிந்த காட்சி. ஸ்டீவ் காஸ் கண்டுபிடித்த சாஸ்டாப் தொழில்நுட்பம் அது, 2000ஆம் ஆண்டு அட்லாண்டா கண்காட்சியில் காட்டப்பட்டது. பிளேடில் ஓடும் மெல்லிய மின் சமிக்ஞை உடல் பட்டதும் மாறுகிறது. அதை உணர்ந்து ஓர் அலுமினியக் கட்டை பற்களுக்குள் பாய்ந்து, சுமார் 5 மில்லிவினாடிகளில் பிளேடை நிறுத்திவிடுகிறது. கைதட்டி முடித்தபின் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: ஒருமுறை பாய்ந்தால் எவற்றையெல்லாம் மாற்ற வேண்டும், ஈர மரத்தை அறுக்கும்போது என்ன ஆகும்? மற்ற இயந்திரங்களில், கூட்டத்துக்கு நன்றாகத் தெரியட்டும் என்று பிளேடின் காப்பு மூடியையும் அறுத்த வெட்டு மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வாமல் தடுக்கப் பின்னாலிருக்கும் பிரிப்புக் கத்தியையும் கழற்றிவிட்டு ஓட்டுபவர்கள் உண்டு. எனக்கு அது எரிச்சலூட்டும் பழக்கம். விற்பவரே கழற்றி ஓட்டினால் வாங்குபவர் அதைத் திரும்ப மாட்டவா போகிறார்?

தூசு உறிஞ்சிகளின் பக்கம் கூட்டமே இருக்காது. அங்கே நேரம் செலவழியுங்கள் என்பேன். மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995லேயே வகைப்படுத்திவிட்டது. கண்ணுக்குத் தெரியும் சீவல் அள்ளுவதற்கு எளிது. நுரையீரலுக்குப் போவது கண்ணுக்குத் தெரியாத நுண்தூள். ஆகவே பையின் கொள்ளளவை விட வடிகட்டியைப் பற்றியே அதிகம் கேளுங்கள். பலகை விற்கும் அரங்குகளில் அலமாரிக் கதவைத் திறந்து முகர்ந்து பாருங்கள். கண் எரிந்தால் பலகையின் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு வாயு வெளியேறிக்கொண்டிருக்கக்கூடும். அந்த வாயு குறைவாக வெளியேறும் இ1 தரம் என்று வாயால் சொன்னால் போதாது, சோதனைச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள்.

கீல், டிராயர் சேனல் அரங்குகளைப் பற்றிச் சுருக்கமாக: அங்கே எல்லா இழுப்பறையும் காலியாகத்தான் இருக்கும். முழுக்க வெளியே இழுத்து, முன்பலகையில் கையை ஊன்றி அழுத்துங்கள். எவ்வளவு தொய்கிறது, பிறகு எப்படி மூடுகிறது என்று பாருங்கள். மர அரங்கில் ஈரப்பதமானியைப் பலகையின் நுனியில் குத்திக் காட்டினால் ஏற்காதீர்கள். நுனி வழியாக ஈரம் சீக்கிரம் போய்விடுவதால் அங்கே எண் எப்போதும் குறைவாகவே காட்டும். நடுவில் குத்தச் சொல்லுங்கள், முடிந்தால் ஒரு துண்டை வெட்டி வெட்டுமுகத்தில். கருத்தரங்குகளில் பாதி விளம்பரம், தலைப்பைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஏதாவது ஒரு மூலையில் கைக்கருவி அரங்கு இருந்தால் அதைத் தவறவிடாதீர்கள். உளியையும் இழைப்புளியையும் தீட்டிக் காட்டும் பெரியவர் ஒருவர் அநேகமாக இருப்பார். தீட்டியபின் தகட்டின் பின்முகத்தில் எழும் நுண்ணிய பிசிறை அவர் விரல் நுனியால் எப்படித் தேடுகிறார் என்று பாருங்கள். அங்கே ஒன்றும் வாங்கவேண்டியதில்லை, நான் பெரும்பாலும் அரை மணி நேரம் சும்மா நின்றுவிட்டு வருவேன்.

எந்த நாள் போவது? வேலைநாளின் காலையில் போனால் நிதானமாக அறுத்துக் காட்டுவார்கள். கடைசி நாள் மாலையில் காட்சி இயந்திரங்களைத் திருப்பி ஏற்றிச் செல்லும் செலவைத் தவிர்க்க விலையை இறக்குவார்கள். வாங்கலாம்தான், ஆனால் உத்தரவாதம் எந்தத் தேதியிலிருந்து தொடங்குகிறது என்பதும் வரிசை எண்ணும் எழுத்தில் வேண்டும். "இன்று மட்டும் இந்த விலை" என்பவர்களிடம் நான் ஒரு வாரம் செல்லுபடியாகும் விலைப்புள்ளியைக் கேட்பேன். அதில் கொண்டுவந்து இறக்கும் கூலி, நிறுவித்தருவது, ஆட்களுக்குப் பயிற்சி, முதல் ஆண்டு பராமரிப்பு எல்லாம் தனித்தனி வரியாக இருக்க வேண்டும். பலர் கொடுத்துவிடுகிறார்கள். கொடுக்காதவர்களின் அட்டையைக் கூடத்தின் வாசலிலேயே விட்டுவிட்டு வந்துவிடலாம்.