நூலுக்குரிய வாசகர்

கேள்வி: எனக்குப் பிடித்த நூல்களையும் திரைப்படங்களையும் நண்பர்களிடம் ஆர்வத்தோடு சொல்கிறேன், பட்டியல் எழுதியும் கொடுத்திருக்கிறேன். யாரும் படிப்பதில்லை, பார்ப்பதுமில்லை. நெருங்கிய தோழி ஒருவர், நான் கொடுத்த நாவலை ஆறு மாதம் கழித்துப் புரட்டிக்கூடப் பார்க்காமல் திருப்பித் தந்தபோது மனம் நொந்துவிட்டது. பரிந்துரைப்பதையே விட்டுவிடலாமா?

பதில்: பரிந்துரைப்பதை விட வேண்டாம், அம்மா, பட்டியல் கொடுப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். பத்துப் பெயர்கள் கொண்ட தாளை வாங்கிக்கொள்பவருக்கு எதில் தொடங்குவது என்பதே சுமையாகிவிடும்; அது யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கக்கூடிய தாள் என்பதும் அவருக்குப் புரிந்துவிடும்.

இந்திய நூலக அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளுள் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்கிறது. மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்கிறது. நம்மில் பலர், ஒரு நூலின் மேல் அன்பு வைத்துவிட்டு அதற்கு ஆள் தேடுவதால், மூன்றாவது விதியோடு நின்றுவிடுகிறோம். தேர்ந்த நூலகர்கள் முதலில் வாசகரைப் பேசவிடுவார்கள். கடைசியாக ரசித்துப் படித்தது எது, அதில் எது பிடித்தது என்று கேட்டுவிட்டு, வரும் பதிலில் கதையின் வேகமா, மனிதர்களா, மொழியா, எது அவரை ஈர்த்தது என்று கவனிப்பார்கள். ஒரே துப்பறியும் நாவலை விரும்பிய இருவரில் ஒருவர் புதிர் அவிழும் விதத்துக்காகவும், மற்றவர் துப்பறிபவரின் தனிமைக்காகவும் அதை விரும்பியிருக்கலாம். அவ்விருவருக்கும் அடுத்துத் தர வேண்டிய நூல் ஒன்றாக இருக்க முடியாது.

நூலின் அளவையும் எண்ணிப் பாருங்கள். டால்ஸ்டாயை ஒருவருக்கு அறிமுகப்படுத்த விரும்பினால், பெரும்பாலான பதிப்புகளில் ஆயிரம் பக்கங்களைத் தாண்டும் ‘போரும் அமைதியும்’ நாவலைவிட, 1886இல் வெளிவந்த ‘இவான் இலியிச்சின் மரணம்’ என்ற குறுநாவலே நல்ல வாசல். ஒரே நாளில் படித்து முடித்துவிடலாம். ஆனால், நோயுற்ற ஒருவர் மெல்ல மெல்ல இறப்பை நெருங்குவதை அணுஅணுவாகச் சொல்லும் படைப்பு அது என்பதால், நெருங்கிய உறவைப் படுக்கையில் வைத்துக் கவனித்துக்கொண்டிருப்பவர் கையில் நான் அதைக் கொடுக்கமாட்டேன். துயரத்தில் இருந்த நண்பர் ஒருவருக்கு, ஆறுதல் தரும் என்று நம்பி, இழப்பைப் பற்றிய திரைப்படம் ஒன்றை நான் ஒருமுறை பரிந்துரைத்தேன். அவரால் பாதிக்கு மேல் பார்க்க முடியவில்லை என்று பின்னர் அறிந்தபோது ஏற்பட்ட வருத்தம் இன்றும் எனக்கு ஆறவில்லை. ஆறு மாதம் உங்கள் நாவலைத் தொடாத தோழிக்கும் அந்த மாதங்களில் என்ன நேர்ந்திருந்தது என்று நமக்குத் தெரியாது. கொடுத்தபின் படித்தாயிற்றா என்று கேட்காமலிருப்பதும் கொடுப்பதன் ஒரு பகுதிதான்.

கேள்வி: பரிந்துரைக்கும்போது கதையை எவ்வளவு சொல்லலாம்?

பதில்: தொடக்கச் சூழலைச் சொல்லலாம், பொறுமை தேவைப்படும் இடத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’ (1953) படத்தைச் சொல்வதானால், வயதான பெற்றோர் நகரத்தில் வாழும் பிள்ளைகளைப் பார்க்க வருகிறார்கள், பிள்ளைகளுக்கோ நேரமில்லை என்பது வரை போதும். கூடவே, படம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும், கேமரா பெரும்பாலும் தரையை ஒட்டிய உயரத்தில் அசையாமல் நிற்கும், முதல் அரை மணி நேரத்தில் பெரிதாக எதுவும் நிகழாதது போலத் தோன்றும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். இதை முன்பே அறிந்தவர் அந்த நிதானத்துக்கு மனத்தைப் பழக்கிக்கொண்டு உட்காருவார். அறியாதவர் இருபதாம் நிமிடத்தில் எழுந்துவிடக்கூடும். ‘வாழ்நாளில் பார்த்தேயாக வேண்டிய படம்’ போன்ற பெரிய சொற்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள், ஏனெனில் அவற்றைக் கேட்டவர் படத்தைப் பார்ப்பதற்குப் பதிலாக உங்கள் சொல் உண்மையா என்று சோதித்துக்கொண்டிருப்பார்.

கேள்வி: நண்பர் அன்போடு தந்த நூல் எனக்குப் பிடிக்கவில்லை. அவரிடம் எப்படிச் சொல்வது?

பதில்: பிடித்ததாகப் பொய் சொல்லாதீர்கள்; அதே போன்ற இன்னொரு நூல் வந்து சேரும். எந்த இடத்தில் நிறுத்தினீர்கள், அங்கே எது உங்களை விலக்கியது என்பதைச் சொல்லிவிட்டு, அவருக்கு அதில் எது பிடித்தது என்று கேளுங்கள். அந்தப் பதிலைக் கேட்டபின் மீண்டும் அதே பக்கத்தைத் திறக்கத் தோன்றினால் திறங்கள், இல்லையென்றால் நன்றியோடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.