ஹக்கலப் பூக்காட்சி: திருகோணமலையிலிருந்து எப்போது, எப்படிப் போவது?

கேள்வி: நாங்கள் உப்புவெளியில் வசிக்கிறோம். சித்திரை விடுமுறையில் வயதான அம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் ஹக்கல தாவரவியல் பூங்காவில் பூக்காட்சி பார்க்க அழைத்துச் செல்ல விரும்புகிறோம். எப்போது போவது நல்லது? திரும்பும்போது ரோசாக் கன்றுகள் வாங்கி வரலாமா?

பதில்: புத்தாண்டை ஒட்டிய நாட்களில் நுவரெலியாவில் வாகன நெரிசலும் விடுதிக் கட்டணமும் உச்சத்தில் இருக்கும். எனவே ஏப்ரல் முதல் வாரத்தில் அல்லது 20ஆம் திகதிக்குப் பின்னர், ஒரு வார நாளில் செல்லுங்கள். அதனால் பூக்களைத் தவறவிட்டுவிடுவோமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. கவ்வாத்துச் செய்த ரோசா மீண்டும் பூக்க ஆறு முதல் எட்டு வாரங்கள் செல்லும் என்பதால், காட்சிக்கென ரோசா வளர்ப்போர் அதைக் கணக்கிட்டே கிளைகளை வெட்டுவார்கள். ஒரு செடியில் பூ முடியும்போது இன்னொன்றில் மொட்டு விரியும். பிள்ளைகளை ஒரு செடியருகே குனிந்து பார்க்கச் சொல்லுங்கள்: வெளிப்புறம் நோக்கிய கணுவுக்குச் சற்று மேலே சரிவாக வெட்டிய தழும்பும், அக்கணுவிலிருந்து கிளம்பிய செந்நிறத் தளிரும் தெரியும். பூவைப் படமெடுத்துவிட்டு நகர்பவர்கள் காணாமல் விடுவது இதைத்தான்.

எந்த நாள் என்பதைவிட எந்த நேரம் என்பதே முக்கியம். ஏப்ரலில் மலைநாட்டில் காலை வெயில் ஏற ஏற முகில் திரண்டு, பெரும்பாலும் பிற்பகலில் இடியுடன் மழை கொட்டும். நனைந்த ரோசா இதழ்கள் கனத்துத் தொங்கிவிடும். ஆகவே வாயில் திறந்தவுடன் உள்ளே இருங்கள். கண்டி வரை ஏறக்குறைய 180 கிலோமீற்றர், அதன்பின் றம்பொடை வளைவுகள் வழியே மலையேற்றம் என்பதால், ஒரே நாளில் போய்த் திரும்ப நினைக்காமல் முதல்நாள் இரவை நுவரெலியாவில் கழியுங்கள். அங்கிருந்து வெலிமடை வீதியில் பூங்கா சுமார் 10 கிலோமீற்றர் தூரந்தான்; சீதையம்மன் கோவிலும் அதே வழியில் இருப்பது அம்மாவுக்கு மகிழ்ச்சி தரும்.

1861இல், மலேரியா மருந்தான கொயினா தரும் சிங்கோனா மரங்களைப் பயிரிட்டுத் தொடங்கிய இப்பூங்கா, ஏறக்குறைய 1,700 மீற்றர் உயரத்தில் மலைச்சரிவில் அமைந்துள்ளது. அம்மாவுக்குக் கம்பளி உடுப்பும் பிடிமானமுள்ள செருப்பும் அவசியம். மேட்டுப் பாதைகளில் அவரை ஏற்ற வேண்டாம், சமதரையான பூப்பாத்திகளே அவருக்குப் போதும். குரங்குகள் நடமாடும் இடம் என்பதால் தின்பண்டங்களைக் கையில் வைத்திருக்கக் கூடாது.

கன்றுகளைப் பொறுத்தவரை, வாங்காதீர்கள் என்றே சொல்வேன். அந்த உயரத்துக் குளிரில் வளர்ந்த ரோசாவும் ஹைட்ரேஞ்சியாவும், நம் கடற்கரையின் சூட்டையும் உப்புக் காற்றையும் தாங்காமல் இலை கருகி வாடிப்போவதை நம் ஊர் முற்றங்களில் அடிக்கடி காண்கிறேன். ரோசா வேண்டுமென்றால், திருகோணமலை நாற்றுமேடை ஒன்றில் இந்த வெயிலிலேயே வளர்ந்து பூத்த கன்றாகப் பார்த்து வாங்குங்கள். முதல் சில வாரங்கள் மதிய வெயில் படாத இடத்தில் வையுங்கள்.