“பென்சன் வாங்கும் வயதுதானே, எழுதிக் கொடுங்கள்!”

கேள்வி: மண்டபம் பக்கம் ஒரு மீன் ஏற்றுமதி கம்பெனியின் ஐஸ் பிளாண்டில் 28 வருடமாக கம்ப்ரஸர் ஆபரேட்டராக இருக்கிறேன். வயது 54. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 20,800 ரூபாய். ஆர்டர் இல்லை என்று ஆளைக் குறைக்கிறார்கள். “உங்களுக்குத்தான் பி.எஃப். பென்சன் வாங்கும் வயது வந்துவிட்டதே, சின்னப் பையன்கள் வயிற்றில் அடிக்காதீர்கள், ராஜினாமா எழுதிக் கொடுங்கள், பணிக்கொடை (கிராஜுவிட்டி) போட்டுத் தருகிறோம்” என்கிறார் மேனேஜர். எனக்குப் பின்னால் சேர்ந்த இரண்டு பேரை வைத்துக்கொள்ளப் போகிறார்களாம். கடைசி மகள் கல்லூரியில் படிக்கிறாள். எழுதிக் கொடுக்கலாமா?
– பெயர் வேண்டாம் என்று கேட்ட வாசகர், மண்டபம்

பதில்: எழுதிக் கொடுக்காதீர்கள். மற்றதையெல்லாம் அப்புறம் பேசலாம், முதலில் இதை மனதில் வையுங்கள்.

பென்சன் வாங்கத் தகுதி வந்திருப்பது வேறு, ஓய்வு பெறுவது வேறு. பத்து வருட சர்வீஸ் இருந்து 50 வயதும் ஆகிவிட்டால், வேலையை விட்டவர் பி.எஃப். பென்சனை முன்கூட்டியே வாங்கலாம். அது தொழிலாளி தன் அவசரத்துக்கு எடுத்துக்கொள்ள வைத்த வழி. அவரை வெளியே அனுப்ப முதலாளிக்குக் கொடுத்த உரிமை இல்லை. உங்கள் கம்பெனியில் ஓய்வு வயது 58 என்று இருந்து, நீங்களும் அதைத் தொட்டிருந்தால் பேச்சு வேறு. உங்களுக்கு இன்னும் நான்கு வருடம் இருக்கிறது.

அப்படியானால் மேனேஜர் ஏன் ராஜினாமா கேட்கிறார்? கணக்கைப் பாருங்கள். கம்பெனியாக ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் தர வேண்டும். முடிந்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடாகத் தர வேண்டும். 1947-ஆம் ஆண்டின் தொழிற்தகராறு சட்டம் கொடுத்த உரிமை இது. 2020-இல் வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பும் இதை எடுத்துவிடவில்லை. உங்கள் 28 வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் 10,400 வீதம் போட்டால் 2,91,200 ரூபாய். தானாக விலகியவருக்கு இதில் ஒரு பைசா கிடையாது. அந்த ஒற்றைக் காகிதத்துக்கு அவ்வளவு விலை. அதைத்தான் உங்களிடம் இனாமாகக் கேட்கிறார்கள்.

பணிக்கொடையை ஏதோ கம்பெனி போட்டுத் தரும் சலுகை மாதிரி மேனேஜர் சொல்லியிருக்கிறார். ராஜினாமா செய்தாலும், நிறுத்தப்பட்டாலும், ஓய்வு பெற்றாலும் அது உங்களுக்கு வந்தே தீர வேண்டிய பணம். ஐந்து வருட சர்வீஸ் போதும். 20,800-ஐ 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, 28 வருடத்துக்குப் போட்டால் 3,36,000 ரூபாய். முப்பது நாளுக்குள் கொடுக்க வேண்டும், தாமதித்தால் வட்டியோடு. ஆட்குறைப்பு இழப்பீடு இதற்குப் பதில் வருவதில்லை, இதற்கு மேல் வருவது.

அந்தப் பென்சனும் அவர் சொல்வதுபோல லேசான விஷயம் இல்லை. 58-க்கு முன்னால் வாங்கினால், குறைகிற ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவீதம் வெட்டு. 58-இல் மாதம் 4,000 ரூபாய் வரும் என்று வைத்துக்கொண்டால், இப்போது வாங்கினால் 3,400-ஐ ஒட்டித்தான் வரும். 58 ஆனதும் பழைய தொகைக்கு ஏறிவிடாது. ஆயுசுக்கும் அந்தக் குறைந்த தொகைதான். வேலை போனாலும் பென்சன் கணக்கைத் தொடாமல் விட்டு, 58-இல் வெட்டில்லாமல் வாங்க முடியும். மகள் படிப்புக்குக் கையில் காசு வேண்டுமே என்றால், அதற்குத்தான் அந்த இழப்பீடு. அதை விட்டுவிட்டு இதை எடுப்பது, வலையை விற்று மீன் வாங்குவதுபோல.

“சின்னப் பையன்கள் வயிற்றில் அடிக்காதீர்கள்” என்ற வார்த்தையைப் படித்தபோது எனக்கு மனசு ஆறவில்லை. 28 வருடம் அம்மோனியா நெடியில் நின்றவரைக் குற்றவாளியாக நிறுத்தும் பேச்சு அது. ஒரே பிரிவில் ஆள் குறைக்கும்போது கடைசியில் சேர்ந்தவர் முதலில் போக வேண்டும் என்பதுதான் சட்டத்தில் உள்ள முறை. அதை மீறினால் முதலாளி காரணத்தை எழுதி வைக்க வேண்டும். ‘வயதாகிவிட்டது, பென்சன் வரும்’ என்பதைக் காரணமாகத் தைரியமாக எழுதித் தரட்டும், பார்ப்போம். அந்தப் பையன்களுக்கும் உங்களுக்கும் சண்டை வேண்டாம். நாளைக்கு அவர்களிடமும் இதே காகிதம் நீட்டப்படும்.

இன்னொன்று, நம் கரைக்கே உரிய வாதம். ‘வருடா வருடம் மீன்பிடித் தடைக்காலத்தில் வேலை இல்லை, ஆகவே தொடர் சர்வீஸ் இல்லை’ என்று கிளப்புவார்கள். என் மாமா இதே கரையில் ஓர் ஐஸ் கம்பெனியில் இருந்தவர். இந்தப் பேச்சை நம்பி, கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். பல வருடம் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தார். ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடை, அதுவும் விசைப்படகுக்கு. நாட்டுப்படகு போய்க்கொண்டுதான் இருக்கிறது, ஐஸும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். தொழிலாளியின் தவறில்லாமல் வேலை நின்ற நாட்கள் சர்வீஸை முறிக்காது. பன்னிரண்டு மாதத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தாலே ஒரு வருடம் என்று சட்டம் சொல்கிறது. 61 நாளை முழுசாகக் கழித்தாலும் 304 நாள் மிச்சம் இருக்கிறதே!

சரி, இப்போது செய்ய வேண்டியது: நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, பி.எஃப். பாஸ்புக், வருகைப் பதிவு எதுவானாலும் ஒரு நகல் எடுத்து வீட்டில் வையுங்கள். ‘நான் விலக விரும்பவில்லை, நிறுத்துவதானால் எழுத்தில் உத்தரவு தாருங்கள்’ என்று இரண்டே வரி எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வெற்றுத்தாளிலோ, ‘கணக்கு முழுவதும் தீர்ந்தது’ என்ற சீட்டிலோ கையெழுத்து வேண்டாம். உத்தரவு வந்ததும் தள்ளிப்போடாமல் ராமநாதபுரத்தில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுங்கள். வீட்டிலும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

அவர்கள் என்ன எழுதித் தந்தாலும் நகலை எனக்கு அனுப்புங்கள். மனுவைச் சேர்ந்தே எழுதுவோம்.